விதை முளைக்காவிட்டால் என்ன செய்வது? தீர்ப்புகளைத் தேடிப் படிக்கும் முறை

நிலக்கடலை சாகுபடியில் விதைக்கு ஆகும் செலவு கணிசமானது. ஏக்கருக்குச் சுமார் 50 கிலோ பருப்பு தேவைப்படும். திண்டிவனம், மயிலம், விக்கிரவாண்டி பகுதிகளில் கடலை போடும் சிறு விவசாயி, கையிருப்பு விதை போதாதபோது கடையில் விலை கொடுத்து வாங்குகிறார். மழையோ கிணற்று நீரோ ஒத்துழைத்தும் வயலில் பாதி இடம் சொட்டையாக நின்றுவிட்டால், விதைச் செலவு, உழவுக் கூலி, உரச் செலவு எல்லாம் வீண். பட்டமும் தவறிவிடும்.

கடைக்காரரிடம் போய்க் கேட்டால், "ஆழமாக விதைத்திருப்பீர்கள்", "ஈரம் போதவில்லை", "விதை நேர்த்தி செய்யவில்லை" என்று பதில் வரும். விவசாயி மனம் நொந்து, வயலை மறு உழவு செய்து வேறு பயிர் போடுகிறார். அந்த உழவோடு அவர் பக்கம் இருந்த சாட்சியமும் மண்ணுக்குள் போய்விடுகிறது.

இத்தகைய வழக்குகளில் நம் நாட்டு நீதிமன்றங்கள் பல தீர்ப்புகளை வழங்கியுள்ளன. அவற்றை இன்று செலவில்லாமல், செல்போனிலேயே தேடிப் படிக்கலாம். வழக்குப் போடுவதற்கு மட்டும் இது பயன்படும் என்று எண்ண வேண்டாம். எந்த ஆதாரத்தை, எந்த நாளில் சேகரிக்க வேண்டும் என்பதை இத்தீர்ப்புகளைப் போல் தெளிவாகச் சொல்லித் தருவது வேறொன்றும் இல்லை. ஆகவே, மறு உழவுக்கு முன்பே இவற்றைப் படிப்பது நல்லது.

உச்ச நீதிமன்றம் சொன்னது

முதலில் ஒரு முக்கியத் தீர்ப்பை அறிந்துகொள்வோம். ஆந்திர மாநிலத்தில் கர்நூல், மகபூப்நகர், குண்டூர் முதலிய மாவட்டங்களின் விவசாயிகள், நேஷனல் சீட்ஸ் கார்ப்பரேஷன் என்னும் தேசிய விதைக் கழகத்திடம் வாங்கிய விதை குறைபாடானது என்று நுகர்வோர் மன்றங்களில் முறையிட்டனர். மன்றங்கள் நஷ்ட ஈடு வழங்க உத்தரவிட்டன. கழகம் மாநில ஆணையம், தேசிய ஆணையம் என்று மேலே சென்றது. அங்கும் தோற்று, இறுதியில் உச்ச நீதிமன்றம் சென்றது. 2012ம் ஆண்டு ஜனவரி 16ம் தேதி தீர்ப்பு வந்தது. 'நேஷனல் சீட்ஸ் கார்ப்பரேஷன் எதிர் மதுசூதன் ரெட்டி' என்பது வழக்கின் பெயர்.

கழகம் முக்கியமாக மூன்று வாதங்களை வைத்தது. ஒன்று, விதைகளுக்கு 1966ம் ஆண்டின் விதைச் சட்டம் தனியே இருப்பதால் நுகர்வோர் மன்றம் இதை விசாரிக்க முடியாது என்பது. இரண்டு, விதை உற்பத்தி ஒப்பந்தத்தின் பேரில் விதை வாங்கிப் பயிரிட்டவர்கள் வியாபார நோக்கத்தில் செய்தவர்கள், அவர்கள் நுகர்வோர் ஆக மாட்டார்கள் என்பது. மூன்று, விதை மாதிரியைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பாமல் குறைபாடு என்று முடிவு கட்டக் கூடாது என்பது.

இம்மூன்றையும் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. விதைச் சட்டத்தில் விவசாயிக்கு நஷ்ட ஈடு பெறும் வழி இல்லை என்றும், நுகர்வோர் சட்டம் கூடுதலான ஒரு பரிகாரம் என்றும் கூறியது. விவசாயியும் நுகர்வோரே என்றது. மூன்றாவது வாதத்துக்குச் சொன்ன பதில் விவசாயிகள் மனத்தில் பதிய வேண்டிய ஒன்று. விதையை வாங்குபவர் முழுவதையும் விதைத்துவிடுவார். பின்னால் பரிசோதனைக்குத் தேவைப்படும் என்று ஒரு பகுதியை எடுத்து வைப்பார் என எதிர்பார்க்க முடியாது. வேண்டுமானால் விற்றவரே தம்மிடம் உள்ள அதே குவியல் விதையைப் பரிசோதனைக்கு அனுப்பக் கோரியிருக்கலாம் என்பது நீதிமன்றத்தின் கருத்து.

எங்கே தேடுவது?

முன்பெல்லாம் தீர்ப்புகளைப் படிக்க வேண்டுமானால் வக்கீல் அலுவலகத்தில் வரிசையாக நிற்கும் தடித்த புத்தகங்களைத்தான் புரட்ட வேண்டும். இன்று இரண்டு இலவச வழிகள் உள்ளன.

முதலாவது, 2008ம் ஆண்டு முதல் இயங்கி வரும் 'இந்தியன் கானூன்' என்னும் இணையதளம். உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள், தேசிய நுகர்வோர் ஆணையம் ஆகியவற்றின் தீர்ப்புகளை இதில் ஒரே இடத்தில் தேடலாம். தேடிப் படிக்கக் கட்டணம் இல்லை.

இரண்டாவது, உச்ச நீதிமன்றமே 2023ம் ஆண்டு ஜனவரியில் தொடங்கிய 'இ-எஸ்.சி.ஆர்.' என்னும் தீர்ப்புத் தொகுப்பு. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் பலவற்றுக்கு மாநில மொழிகளில் மொழிபெயர்ப்பும் வெளியிடப்படுகிறது. தமிழும் அவற்றுள் ஒன்று. மொழிபெயர்ப்பு விஷயத்தைப் புரிந்துகொள்ள மட்டுமே. வழக்கு மன்றத்தில் ஆங்கில மூலமே செல்லும்.

தேடும் முறை

தேடு சொற்களை ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும். வீட்டில் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களை அருகில் வைத்துக்கொள்ளலாம். கீழ்க்கண்ட வரிசையில் தேடினால் நேரம் வீணாகாது.

1. வெறுமனே 'சீட்ஸ்' என்று தட்டினால் ஆயிரக்கணக்கில் வந்து குவியும். அவற்றுள் வரி வழக்கும் இருக்கும், குற்ற வழக்கும் இருக்கும். 'டிஃபெக்டிவ் சீட்ஸ்' என்னும் இரு சொற்களையும் சேர்த்து, முன்னும் பின்னும் இரட்டை மேற்கோள் குறி இட்டுத் தட்ட வேண்டும். அப்போது அச்சொற்கள் அதே வரிசையில் சேர்ந்து வரும் தீர்ப்புகள் மட்டும் கிடைக்கும்.

2. அதனோடு 'ஜெர்மினேஷன்', 'கன்ஸ்யூமர்' என்னும் சொற்களில் ஒன்றைச் சேர்க்கலாம். பிறகு பயிரின் பெயரைச் சேர்க்கலாம். கடலைக்கு 'கிரவுண்ட்நட்', நெல்லுக்கு 'பேடி', எள்ளுக்கு 'செஸமம்' அல்லது 'ஜிஞ்செலி'.

3. பயிரின் பெயரில் ஒன்றும் கிடைக்காவிட்டால் சோர்ந்துவிட வேண்டாம். சூரியகாந்தி விதை வழக்கில் சொன்ன நியாயம் கடலை விதைக்கும் பொருந்தக் கூடும். பிரச்னை ஒன்றாக இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

4. கிடைத்தவற்றை நீதிமன்ற வாரியாகப் பிரித்துக்கொண்டு, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை முதலில் படிக்க வேண்டும்.

5. ஊர்ப் பெயரைக் கொண்டு தேடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விழுப்புரம் மாவட்டம் தென்னாற்காட்டிலிருந்து 1993ம் ஆண்டு செப்டம்பர் 30ம் தேதிதான் பிரிக்கப்பட்டது. அதற்கு முந்திய வழக்குகளைத் 'தென்னாற்காடு', 'கடலூர்' என்ற பெயர்களில் தேட வேண்டும். கள்ளக்குறிச்சிப் பகுதி வழக்குகள் 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தின் பெயரில் இருக்கும். மேலும், விழுப்புரம் என்பதை ஆங்கிலத்தில் ஓர் 'எல்' இட்டும், இரண்டு 'எல்' இட்டும் எழுதுகிறார்கள். இரண்டு விதமாகவும் தேடிப் பார்ப்பது நல்லது.

தீர்ப்பின் விலாசம்

வக்கீல்கள் '(2012) 2 எஸ்.சி.சி. 506' என்பது போல் எழுதுவதைப் பார்த்திருக்கலாம். இது தீர்ப்பின் விலாசம் போன்றது. 2012 என்பது ஆண்டு, 2 என்பது தொகுதி, எஸ்.சி.சி. என்பது தீர்ப்புகளை வெளியிடும் சஞ்சிகையின் சுருக்கப் பெயர்; 506 என்பது பக்கம். மேலே சொன்ன தேசிய விதைக் கழக வழக்கின் விலாசம் இதுவே. யாராவது இப்படி ஒரு விலாசம் எழுதிக் கொடுத்தால், அதைத் தேடு கட்டத்தில் இட்டால் தீர்ப்பு வந்துவிடும்.

தீர்ப்பு ஐம்பது பக்கம் இருந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. முதலில் கடைசிப் பத்தியைப் படிக்க வேண்டும். யார் வென்றார் என்பது தெரிந்துவிடும். பிறகு ஆரம்பத்துக்கு வந்து நடந்த சம்பவம் என்ன என்று பார்க்க வேண்டும். அதன்பின் நீதிமன்றம் சொன்ன காரணத்தைத் தேட வேண்டும். இடையில் இருதரப்பு வக்கீல்கள் சொன்ன வாதங்களும் வரும். வாதத்தைத் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்வது பலரும் செய்யும் தவறு. கழகத்தின் வாதத்தை மட்டும் படித்துவிட்டு, "மாதிரி அனுப்பாவிட்டால் வழக்கு நிற்காதாம்" என்று திரும்பிவிடக் கூடாது.

எல்லாத் தீர்ப்பும் சமம் அல்ல

உச்ச நீதிமன்றம் வகுத்த சட்டம் நாடு முழுவதையும் கட்டுப்படுத்தும். சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு தமிழ்நாட்டிலுள்ள கீழ் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும். பிற மாநில உயர் நீதிமன்றத் தீர்ப்பை எடுத்துக் காட்டலாம். ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தேசிய நுகர்வோர் ஆணையத்தின் உத்தரவுகளுக்கு மாவட்ட ஆணையத்தில் மதிப்பு உண்டு.

தீர்ப்பு இன்றும் செல்லுபடியாகிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்தியன் கானூனில் ஒவ்வொரு தீர்ப்பின் மேலும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, இத்தீர்ப்பு எடுத்துக்காட்டிய பழைய தீர்ப்புகளின் எண்ணிக்கை. மற்றது, இதைப் பிற்பாடு எடுத்துக்காட்டிய தீர்ப்புகளின் எண்ணிக்கை. இரண்டாவதை அழுத்தினால் பின்னால் வந்தவை வரிசையாக வரும். அவற்றில் புதியவை சிலவற்றைப் படித்தால், பழைய தீர்ப்பை ஏற்றார்களா, மாற்றினார்களா என்பது விளங்கும்.

சட்டப் பிரிவு எண்களும் மாறியுள்ளன. 2012ம் ஆண்டுத் தீர்ப்பு 1986ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி வந்தது. அதன் இடத்தில் 2019ம் ஆண்டுச் சட்டம், 2020 ஜூலை 20 முதல் அமலுக்கு வந்துவிட்டது. பரிசோதனைச் சாலைக்கு மாதிரி அனுப்புவதைப் பற்றிய பழைய 13வது பிரிவின் விஷயம் புதிய சட்டத்தில் 38வது பிரிவில் உள்ளது. நுகர்வோர் சட்டம் பிற சட்டங்களோடு கூடுதலான பரிகாரம் என்று சொல்லும் பழைய 3வது பிரிவு, இப்போது 100வது பிரிவு. மனு எழுதும்போது புதிய எண்ணைக் குறிப்பிட வேண்டும்.

தோற்ற வழக்குகளையும் படியுங்கள்

விவசாயி வென்ற தீர்ப்பை மட்டும் படித்துவிட்டு நிறுத்தினால் பாதி கிணறு தாண்டியது போல் ஆகும். எதிர்த் தரப்பு தமக்குச் சாதகமான தீர்ப்புகளோடு வரும். 'ஹரியானா சீட்ஸ் டெவலப்மெண்ட் கார்ப்பரேஷன் எதிர் சாது' என்ற 2005ம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பை விதை நிறுவனங்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவது வழக்கம். பயிரின் நிலை சரியில்லை என்பதாலேயே விதைதான் காரணம் என்று கொள்ள முடியாது, விதையின் தரம் குறைவு என்பது ஆய்வறிக்கையில் தெளிவாக இருக்க வேண்டும் என்பது இதை வைத்து அவர்கள் செய்யும் வாதம்.

இங்கேதான் பல விவசாயிகள் தோற்கிறார்கள். வேளாண் அதிகாரி வயலைப் பார்த்து, "முளைப்பு குறைவாக உள்ளது" என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடுகிறார். முளைப்பு ஏன் குறைந்தது என்பது அறிக்கையில் இல்லை. ஈரம், விதைப்பு ஆழம், வேரழுகல், எறும்பு, பறவை என்று எதிர்த் தரப்பு சொல்லும் காரணங்களுக்கு அந்த அறிக்கையில் பதில் கிடையாது. சில வழக்குகளில், விற்பவருக்கு முன்கூட்டித் தெரிவிக்காமல் செய்த ஆய்வு என்று அறிக்கையின் மதிப்பே குறைக்கப்பட்டுள்ளது.

வயலில் செய்ய வேண்டியவை

இத்தீர்ப்புகள் கற்றுத் தரும் பாடத்தைக் கடலை விவசாயி கீழ்க்கண்டவாறு கடைப்பிடிக்கலாம்.

விதைக்கு முன்: ரசீது இல்லாமல் விதை வாங்கக் கூடாது. ரசீதில் ரகம், குவியல் எண், எடை, விலை, தேதி ஆகியவை இருக்க வேண்டும். சான்று பெற்ற விதையில் நீல அட்டை இருக்கும். அட்டையையும் பையையும் அறுவடை வரை பத்திரப்படுத்த வேண்டும். சட்டப்படி கட்டாயம் இல்லாவிட்டாலும், அரைக் கிலோ விதையைத் தனியே துணிப்பையில் கட்டி, உலர்ந்த இடத்தில் வைப்பது புத்திசாலித்தனம். 100 விதைகளை எண்ணி, ஈரச் சாக்கில் பரப்பி, சுருட்டி வைத்து முளைப்பைப் பார்க்கலாம். சான்று பெற்ற கடலை விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத் திறன் 70 சதம்.

விதைக்கும்போது: தேதி, மண் ஈரம், விதை நேர்த்தி செய்த மருந்து, அளவு ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வைக்க வேண்டும். நேர்த்தி மருந்து வாங்கிய ரசீதும் தேவை. அதே நாளில், அதே நிலத்தில் வேறு குவியல் விதையையும் விதைத்திருந்தால் அது சிறந்த சாட்சி. அது நன்றாக முளைத்து இது முளைக்காவிட்டால், ஈரத்தின் மேலும் மண்ணின் மேலும் பழி போட முடியாது.

விதைத்த 10 முதல் 12 நாட்களுக்குள்: வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. விதைத்தால் ஒரு சதுர மீட்டரில் சுமார் 33 செடிகள் வர வேண்டும். வயலில் ஐந்து இடங்களில் ஒரு மீட்டர் சதுரம் குறித்து எண்ண வேண்டும். பரிசோதனைச் சாலை முளைப்பை விட வயலில் சற்றுக் குறைவது இயல்புதான். ஆனால் 33க்குப் பதிலாக 12, 15 என்று இருந்தால் உடனே செயல்பட வேண்டும். சொட்டை இடங்களைத் தோண்டி, விதை எந்த ஆழத்தில், எந்த நிலையில் கிடக்கிறது என்றும் பார்த்துத் தேதியோடு படம் எடுத்துக்கொள்ளவும்.

அதே வாரத்தில்: வட்டார வேளாண்மை உதவி இயக்குநருக்கும் விதை ஆய்வாளருக்கும் எழுத்து மூலம் மனுக் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். விற்பவருக்கும் நிறுவனத்துக்கும் பதிவுத் தபாலில் தகவல் அனுப்பி, ஆய்வு நாளில் வரச் சொல்ல வேண்டும். எத்தனை சதம் முளைத்தது, பிற காரணங்கள் பார்க்கப்பட்டனவா, விதையின் தரமே காரணமா என்னும் மூன்றுக்கும் அறிக்கையில் பதில் எழுதித் தருமாறு மனுவிலேயே கேட்க வேண்டும். அறிக்கை கைக்கு வரும் வரை வயலின் ஒரு பகுதியையாவது உழாமல் விட்டு வைக்கவும்.

செயலி தரும் தீர்ப்பை நம்பலாமா?

கேள்வி கேட்டால் உடனே பதில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இப்போது வந்துள்ளன. தீர்ப்பில் உள்ள கடினமான ஆங்கிலத்தை எளிய தமிழில் சொல்லும்படி கேட்க இவை உதவும். ஆனால் "எனக்குச் சாதகமான தீர்ப்பு ஒன்று சொல்" என்று கேட்டால், இல்லாத தீர்ப்பையும் பெயர், ஆண்டு, பக்கத்தோடு உருவாக்கித் தந்துவிடுவது உண்டு. 2023ம் ஆண்டு ஜூன் மாதம், அமெரிக்காவில் நியூயார்க் நகரில் இப்படிக் கிடைத்த தீர்ப்புகளைச் சரிபார்க்காமல் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. படித்த வக்கீல்களே ஏமாந்த விஷயம் இது. எனவே யார் சொன்ன தீர்ப்பானாலும் இந்தியன் கானூனிலோ இ-எஸ்.சி.ஆரிலோ அதன் முழு வடிவத்தைக் கண்ணால் பார்த்த பிறகே மனுவில் சேர்க்க வேண்டும்.

எங்கே முறையிடுவது?

திண்டிவனம், செஞ்சி, வானூர் பகுதி விவசாயிகள் விழுப்புரத்திலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். விதைக் கம்பெனி வேறு மாநிலத்தில் இருந்தாலும், விவசாயி வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்ய 2019ம் ஆண்டுச் சட்டம் வழி செய்துள்ளது. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. சிறு விவசாயியின் விதைச் செலவு அந்த வரம்பைத் தாண்டாது. வக்கீல் இல்லாமல் தாமே வாதாடவும் உரிமை உண்டு.

வழக்குக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். சட்ட ஆலோசனைக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற எண் உள்ளது. பெண்கள், தாழ்த்தப்பட்ட மற்றும் பழங்குடி வகுப்பினர், வருமான வரம்புக்குக் கீழ் உள்ளோர் ஆகியோருக்கு இலவச வக்கீல் உதவி கிடைக்கும். பயிர் சம்பந்தமான தொழில்நுட்ப ஐயங்களுக்குத் திண்டிவனத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும் எண்ணெய் வித்துக்கள் ஆராய்ச்சி நிலையத்தையும் அணுகலாம்.

வழக்கு என்றால் காலதாமதம் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆந்திர விவசாயிகளின் வழக்கு நான்கு படி ஏறித்தான் முடிந்தது. அவர்கள் ஏறிய அந்தப் படிகளின் பலன் இன்று கடலை போடும் எல்லா விவசாயிக்கும் சொந்தம். ரசீது, அட்டை, தேதியிட்ட நோட்டு, காரணம் எழுதிய ஆய்வறிக்கை, சரிபார்த்த ஒரு தீர்ப்பு ஆகிய ஐந்தும் கையில் இருந்தால், பல சமயம் ஆணையத்தின் படி ஏறுவதற்கு முன்பே விற்பவர் பேச முன்வருவார். வரும் பட்டத்துக்கு விதை வாங்கும் அன்றே ஒரு நோட்டும் வாங்கி, முதல் பக்கத்தில் ரசீதை ஒட்டி வைக்க விவசாயிகள் மறக்கக் கூடாது.